ரேஸ் வண்டியின் வரலாற்றில் ஒரு திருத்தம்

2009 அக்டோபர் 14, புதன்கிழமை.

இன்றைய தவறு: கடையில் இரண்டு பெட்டி பிஸ்டன் ரிங்குகளை அளவு மாற்றி அடுக்கிவிட்டேன். முதலாளி செல்லையா அண்ணன் பார்ப்பதற்குள் எடுத்துச் சரியான இடத்தில் வைத்துவிட்டேன். யாருக்கும் நஷ்டமில்லை.

நாட்குறிப்பை இப்படித் தொடங்கச் சொன்னவர் ஃபக்ருன்னிசா சயாமா. பர்மிய மொழியில் ஆசிரியையைச் சயாமா என்போம், ஆணாக இருந்தால் மரியாதைக்குச் சயா என்போம். நகரத்தின் பபேடான் பகுதியில், ஒரு தையற்கடைக்கு மேல் மாடியில், வாரத்தில் நான்கு நாள் மாலை வேளையில் எங்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறார். தினமும் ஒரு பக்கம் எழுத வேண்டும், முதல் வரியில் அன்று செய்த தவறு ஒன்று இருக்க வேண்டும் என்பது அவருடைய விதி. வெட்கத்தை முதல் வரியிலேயே இறக்கிவைத்துவிட்டால் மீதிப் பக்கத்துக்குக் கை தானாக ஓடும் என்பார். இரண்டு வருடமாக நான் ஒரு நாளும் விட்டதில்லை. ஆங்கிலப் பக்கத்தை அவர் திருத்துவார். எதிர்ப்பக்கத்தில் நான் தமிழில் எழுதுவதைப் படிக்க மாட்டார்.

இன்று ஒரு பக்கம் போதாது. வகுப்பு சீக்கிரம் முடிந்துவிட்டது. சயாமா கீழே தையற்காரரோடு பேசிக்கொண்டிருக்கிறார். அவர் சாவியோடு மேலே வருவதற்குள் எழுதி முடிக்கப் பார்க்கிறேன்.

என் பெயர் குழந்தைவேலு. வயது இருபத்தேழு. பக்கத்து லான்மடா பகுதியில் ஒரு மோட்டார் உதிரிப்பாகக் கடையில் சரக்குப் பொறுப்பு பார்க்கிறேன். என் மனைவி ராணி சிங்கப்பூரில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். எங்களுக்குக் கல்யாணமாகி நான்கு வருடம். அதில் மூன்று வருடம் அவள் அங்கே, நான் இங்கே. நான் போவதற்கு இரண்டு முறை முயன்றேன். முதல் ஏஜென்ட் காணாமல் போனார். இரண்டாமவர் தந்த காகிதத்தோடு விமான நிலையம் வரை போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அன்று பெட்டியோடு நான் பஸ்ஸில் திரும்பி வந்ததை ஒருவரைத் தவிர வேறு யாரிடமும் சொன்னதில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு, காசு கொடுத்துப் பேசுகிற தெருவோரத்து டெலிபோன் மேசையில் ராணியோடு பேசுவேன். ஜூன் மாதம் அவள் சொன்னாள்: "நான் ஒரு ஊரு, நீங்க ஒரு ஊரு. இதுக்குப் பேரு கல்யாணமா? இந்தத் தீபாவளிக்குள்ள ஒரு வழி சொல்லுங்க. இல்லாட்டி இனிமே எனக்குப் போன் பண்ணாதீங்க." கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள். கோபமாக இருந்திருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

வரும் சனிக்கிழமை தீபாவளி.

அந்த ஜூன் மாதத்திலேதான் சிகப்பி ஆச்சி கடைக்கு வந்தார். நகரத்தின் தாகேதா பகுதியில் தனியாக இருக்கிறவர். ஒரு காலத்தில் வட்டிக்கடை வைத்திருந்த செட்டியார் குடும்பம். மற்றவர்கள் எல்லாரும் கப்பலேறிப் போன பிறகும் ஆச்சியும் அவருடைய அண்ணனும் மட்டும் இங்கேயே தங்கிவிட்டார்களாம்.

"எங்க அண்ணனோட ஓட்டப் பந்தய வண்டி ஒண்ணு கெடக்குதப்பா. இரும்பு விலைக்காச்சும் எடுத்துக்கிறீகளா?" என்று கேட்டார்.

ஆறு வருடமாக இந்த நகரத்துத் தெருக்களில் மோட்டார் சைக்கிள் ஓட்ட அனுமதி இல்லை. செல்லையா அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான்தான் போய்ப் பார்த்தேன். அரிசிச் சாக்குகளுக்கும் உடைந்த கட்டிலுக்கும் பின்னால், தார்ப்பாய்க்கு அடியில் அது நின்றது. பிரிட்டிஷ் தயாரிப்பு, ஒற்றை சிலிண்டர், ஐந்நூறு சிசி. நீண்ட அலுமினிய டேங்க். ஓட்டுபவன் படுத்துக்கொண்டு ஓட்டுவதற்கு ஏற்ற தாழ்ந்த கைப்பிடி. முன்னால் வட்டத் தகட்டில் பந்தய எண் மங்கலாக இருந்தது.

இணையக் கடையில் உட்கார்ந்து தேடித்தான் ராமகிருஷ்ணன் சாரைப் பிடித்தேன். சிங்கப்பூர்க்காரர். பழைய ரேஸ் வண்டிகளைப் பழுதுபார்த்து, சேகரிப்பவர்களுக்கென்று பட்டியல் அச்சடித்து ஏலத்துக்கு விடுகிறவர். படங்களைப் பார்த்த அன்றே பதில் எழுதினார். வண்டிக்கு வரலாறு வேண்டும், எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் பதிவுப் புத்தகத்தோடு பொருந்த வேண்டும், இரண்டும் இருந்தால் பட்டியலில் முதல் பக்கம், இல்லாவிட்டால் அது வெறும் இரும்பு என்று எழுதினார். நான் எழுதி அனுப்பிய நான்கு பக்க வரலாற்றைப் படித்துவிட்டு இன்னொன்றும் சொன்னார். "இந்த மாதிரி நிதானமா எழுதுற ஆளு எனக்கு வேணும். இந்த வண்டி பட்டியல்ல ஏறிடுச்சுன்னா என் பட்டறைக்கு வந்துடுங்க. பெர்மிட் நான் எடுத்துத் தர்றேன்." அந்த மின்னஞ்சலை அச்செடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மடித்த இடமெல்லாம் இப்போது கிழிந்துவிட்டது.

வரலாற்றை ஒழுங்காகத்தான் எழுதினேன். 1958இல் பழைய ஓடுபாதையில் நடந்த பந்தயத்தில் வென்ற வண்டி. ஓட்டியவர் ராஜரத்தினம். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. ஆச்சி பெட்டியிலிருந்து பந்தயத்தின் நிகழ்ச்சி நிரலையும் பழைய படங்களையும் எடுத்துத் தந்தார். பதிவுப் புத்தகமும் இருந்தது. எஞ்சின் எண்ணின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்து நகல் எடுத்தேன். கடையில் தினமும் செய்கிற வேலைதான். எண் பொருந்தியது. ஆனால் இரண்டு ஏழுகளில் ஒன்று கொஞ்சம் சாய்ந்து விழுந்தது. தாள் நகர்ந்துவிட்டது என்று நினைத்து மறுபடி எடுத்தேன். மறுபடியும் சாய்ந்தது. மூன்றாம் முறையும் அப்படியே. என் கை சரியில்லை என்று முடிவு செய்தேன். எதிலும் முதலில் என்னைத்தான் சந்தேகப்படுவேன்.

இரண்டாம் பக்கத்தில் "ராஜரத்தினம் 1988இல் காலமானார்" என்று எழுதினேன். அதுதான் தவறு.

ஆச்சியின் வீட்டுக் கூடத்தில் அவர் படம் மாட்டியிருந்தது. நெற்றியில் குங்குமம், சுற்றிலும் மாலை, கீழே விளக்கு. படச் சட்டத்தில் 1988 என்று எழுதியிருந்தது. நம் வீட்டில் யாராக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். ஆகஸ்டில் ராமகிருஷ்ணன் சார் இறப்புச் சான்றிதழின் நகல் கேட்டார். ஆச்சியிடம் போனேன்.

"சர்ட்டிபிகேட்டா? செத்தாத்தானப்பா குடுப்பாக?"

"அண்ணன் தவறிட்டாருன்னு…"

"நான் சொன்னேனா? அவன் மொட்டை போட்டுக் காவி கட்டிக்கிட்டுப் பொங்கியாப் போயிட்டான். ஊரே கலங்கிக் கெடந்த அந்த மழைக்காலத்துல, என்னைய ஒத்தையில விட்டுட்டுப் போனான். நான் தலை முழுகினேன், மாலையைப் போட்டேன். எனக்கு அவ்வளவுதான்."

பௌத்தத் துறவியை நாங்கள் பொங்கி என்போம். தாகேதாவின் கடைசி பஸ் நிறுத்தத்தில் இறங்கிக் கால் மணி நேரம் நடந்தால் அவருடைய மடம். ஆச்சியின் வீட்டிலிருந்து அவ்வளவு தூரம்தான். இருபத்தொரு வருடமாக இவரும் அங்கே போனதில்லை, அவரும் இங்கே வந்ததில்லை.

தவறு தெரிந்ததும் என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தேன். அன்று மாலையே ராமகிருஷ்ணன் சாருக்கு எழுதினேன்: என் வரலாற்றில் பிழை உள்ளது, மன்னிக்கவும், ஓட்டியவர் உயிரோடு இருக்கிறார், துறவியாகிவிட்டார். சயாமாவின் விதிக்கு மேல் ஒரு படியாக, தவறைச் சம்பந்தப்பட்டவரிடமே சொல்லிவிட்டேன். அன்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் எதுவும் ஆகியிருக்காது.

ராமகிருஷ்ணன் சார் துள்ளிக் குதித்தார். காவி கட்டிய ரேஸ் வீரர், இந்தியத் தமிழர், ஐம்பது வருடம் ஒரே வண்டி. இதைவிட என்ன வேண்டும்? அக்டோபர் பதினைந்தாம் தேதி காலை விமானத்தில் வருவதாகவும், கேமராவோடு வருவதாகவும், வண்டியின் கதையை அந்தச் சாமியின் வாயாலேயே கேட்டுப் பதிவு செய்ய வேண்டுமென்றும் எழுதினார்.

அதற்குப் பிறகுதான் நான் சாமியைப் பார்க்கப் போனேன். வரிசை மாறிவிட்டது. முதலில் பார்த்துவிட்டுப் பிறகு எழுதியிருக்க வேண்டும்.

சாமிக்கு எழுபத்துமூன்று வயது. மெலிந்த உடம்பு, பெரிய காதுகள். ஒரு கண் மங்கிவிட்டது. வருடக்கணக்காகச் சர்க்கரை நோய். நான் தமிழில் பேசியதும் அப்படியே எழுந்து உட்கார்ந்தார். வரலாற்றில் அவரை இறந்தவராக எழுதிவிட்டேன் என்று சொன்னபோது இருமல் வரும் வரை சிரித்தார்.

"எந்தங்கச்சி கொன்னா. நீ அதைப் பிரிண்டு போட்டுட்டே. பரவால்ல, வேலை சுத்தம்."

எஞ்சின் எண்ணின் பென்சில் நகலை அவரிடம் காட்டினேன். பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணுக்கு ஒட்டி வைத்துப் பார்த்தார்.

"இந்த ரெண்டாவது ஏழு சாஞ்சிருக்குல்ல?"

"நான் தேய்ச்சது சரியா வரல சாமி."

"நீ ஒழுங்காத்தான் தேய்ச்சிருக்கே தம்பி. அடிச்சவன்தான் கோணலா அடிச்சிட்டான். அடிச்சவன் நான்."

பந்தயத்தில் வென்ற எஞ்சின் 1961இல் வெடித்துவிட்டதாம். வேறொரு வண்டியின் எஞ்சினைக் கொண்டுவந்து பொருத்தி, அதன் எண்ணை அரத்தால் தேய்த்து அழித்துவிட்டு, பதிவுப் புத்தகத்தில் இருந்த பழைய எண்ணை உளியும் சுத்தியலுமாகத் தன் கையாலேயே அடித்திருக்கிறார். அலுவலகத்துக்கு அலைய வேண்டாமே என்று அப்படிச் செய்தாராம். அந்தக் காலத்தில் பலரும் செய்ததுதான்.

பொருந்திய எண் இல்லையென்றால் பட்டியல் இல்லை. பட்டியல் இல்லையென்றால் பெர்மிட் இல்லை. சாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ராணி சொன்னதைச் சொன்னேன். விமான நிலையத்தில் அந்த அதிகாரி சிரித்ததைக்கூடச் சொன்னேன். வேறு யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் நான் கெஞ்சினேன்.

"அவரு வரும்போது எஞ்சினைப் பத்தி மட்டும் பேசாம இருந்துடுங்க சாமி."

"கேக்காட்டி நானாச் சொல்ல மாட்டேன். கேட்டா சொல்லிருவேன். பொய் பேசாதேன்னு தெனமும் ஊருக்குச் சொல்றவன் நானு."

"கேப்பாரு சாமி. அதைக் கேக்கத்தான் வர்றாரு."

"அப்ப என்னடா பண்றது? எனக்கு வயசு எழுபத்திமூணு. நான் போய்ச் சேர்ந்துட்டா உனக்கு ஒரு தொல்லையும் இல்ல."

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனாலும் அதை அவர் சொன்னார் என்பதை இங்கே எழுதிவைப்பது அவசியம் என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனேன். மனம் மாறுவார் என்ற நம்பிக்கைதான். ராமகிருஷ்ணன் சாரின் வருகையைத் தள்ளிப்போடச் சொல்லி இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன். டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்றார். சாமிக்கு உடம்பு சரியில்லை என்றேன். அப்படியென்றால் இன்னும் சீக்கிரம் வர வேண்டுமே என்றார். இதற்கு நடுவே சாமிக்கு என்மேல் பிரியம் வந்துவிட்டது. தமிழ் பேச ஆள் கிடைத்ததே என்பார். பந்தயத்தில் வளைவில் எப்படிச் சாய வேண்டும் என்று தலையணையை டேங்க் போல அணைத்துக்கொண்டு காட்டுவார். மடத்தில் அவரைக் கவனித்துக்கொள்கிற கோ டின் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். கோ டின் ஐம்பது வயது பர்மியர். படகுத்துறையில் மூட்டை தூக்கியவர். மனைவி இறந்ததும் மடத்திலேயே தங்கிவிட்டார். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். பர்மிய எழுத்து மட்டும்.

போன சனிக்கிழமை சாமியை இலவச மருத்துவமனைக்கு நான்தான் அழைத்துப் போனேன். டாக்டர் சோதித்துவிட்டு, சிறுநீரகம் தளர்ந்துவிட்டது, மருந்தைக் குறைக்க வேண்டும் என்றார். மதியத்துக்கு மேல் சாப்பிடாத துறவிக்கு மாலையில் சர்க்கரை மாத்திரை கொடுப்பது ஆபத்து என்றும் சொன்னார். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதினார். "கவனிச்சுக்கிறவருக்கு இங்கிலீஷ் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது, நான் மொழிபெயர்த்துக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். நல்ல பிள்ளை என்றார்.

மடத்துத் திண்ணையில் இல்லை, இந்த வகுப்பு மாடியில், இதே பெஞ்சில், திங்கட்கிழமை மாலை அதைப் பர்மியத்தில் மொழிபெயர்த்தேன். சந்தேகமான ஒரு சொல்லைச் சயாமாவிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். பிறகு தாகேதாவுக்குப் போய்க் கோ டின்னிடம் கொடுத்தேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, நெற்றியில் ஒற்றிக்கொண்டு, சாமியின் படுக்கைக்கு மேல் ஆணியில் மாட்டினார்.

அந்த மொழிபெயர்ப்பில் ஒரு வரி விடுபட்டுவிட்டது. வியர்த்தாலோ கை நடுங்கினாலோ சர்க்கரை இறங்கிவிட்டது என்று அர்த்தம், உடனே தேன் கொடுக்க வேண்டும் என்ற வரி. மதியத்துக்கு மேல் மற்றதெல்லாம் ஆகாதென்றாலும் தேன் மருந்து, துறவிகள் குடிக்கலாம். சாமியின் அலமாரியில் ஒரு பாட்டில் இருந்தது.

இன்று மதியம் கோ டின் கடைக்கு வந்தார். செருப்பில்லாமல் வந்திருந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். காலையில் சாமி எழுந்திருக்கவில்லை என்றார்.

"நேத்து சாயங்காலம் சாமிக்கு வேர்த்துக் கொட்டுச்சு சயா. கை இப்படி இப்படி ஆடுச்சு. தமிழ்ல என்னமோ சொன்னாரு, எனக்குப் புரியல. ஓடிப்போய்த் தாளைப் பாத்தேன். எழுத்துக் கூட்டி ரெண்டு தடவை படிச்சேன். அதுல போட்டிருந்தபடியே குடுத்தேன். அப்புறம் தூங்கிட்டாரு. நல்லாத் தூங்குறாருன்னு நெனச்சுப் போர்த்திவிட்டேன்." அழுகையை அடக்கிக்கொண்டு கேட்டார். "நான் சரியாத்தானே படிச்சேன்?"

எனக்குச் சரியாக நினைவில்லை, வந்து தாளைப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு வெயிலில் நடந்து போனார். நான் உள்ளே வந்து பிஸ்டன் ரிங்குகளை அடுக்கினேன்.

மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஒரு வரி விடுபட்டுவிட்டது என்று எழுதியிருக்கிறேன். அது முழுவதும் சரியல்ல. காலையில் அரை மாத்திரை மட்டும் என்று டாக்டர் எழுதியிருந்தார். நான் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று எழுதினேன். அதுவும் போதாது. தேன் வரி இருந்த இடத்தை நான் காலியாக விடவில்லை. வியர்த்தாலோ கை நடுங்கினாலோ சர்க்கரை ஏறிவிட்டது என்று அர்த்தம், உடனே இன்னொரு மாத்திரை கொடுக்கவும் என்று எழுதினேன். சந்தேகத்தில் நான் சயாமாவிடம் கேட்ட சொல், 'உடனே' என்பது.

ஆனால் நான் அவரைத் தொடவே இல்லை. மடத்தில் அப்போது நான் இருக்கவும் இல்லை. எழுபத்துமூன்று வயது, தளர்ந்த சிறுநீரகம், மங்கிய கண். சாமி எதையும் பற்றிக்கொள்ளாதவர். போவதற்குத் தயாராக இருந்தவர். ராணி அப்படியல்ல. அவளுக்கு வயது இருபத்தைந்து. யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறைக்குப் பக்கத்தில், ஜன்னல் இல்லாத அறையில் படுத்திருக்கிறாள். இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்தேன். நிதானமாகத்தான் பார்த்தேன். மூன்று முறை பார்த்தேன்.

இன்று மாலை வகுப்புக்கு வரும் வழியில் டெலிபோன் மேசையில் நின்று ராணிக்குப் பேசினேன். வழி பிறந்துவிட்டது என்றேன். "நெசமாத்தான் சொல்றீங்களா? யாரையும் ஏமாத்தலயே?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் அழுதாள். அந்த அழுகையைக் கேட்ட யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள்.

ராமகிருஷ்ணன் சாருக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். மிகவும் வருந்தினார். வரலாற்றில் சாமியின் கடைசி நாட்களைப் பற்றி ஒரு பத்தி சேர்க்கச் சொன்னார். வண்டியைப் பார்க்க எப்படியும் நாளை வருகிறார்.

சயாமா படியேறும் சத்தம் கேட்கிறது. இன்னும் ஒன்றை எழுத வேண்டும், இல்லாவிட்டால் இந்தப் பக்கம் முழுமையாகாது. திங்கட்கிழமை நான் இரண்டு பிரதி எழுதினேன். முதலில் எழுதியது டாக்டர் சொன்னபடியே இருக்கும் சரியான பிரதி. அதே தாள், அதே பேனா, மேலே அதே தேதி. அது இந்த நாட்குறிப்பின் அட்டைக்குள் இருக்கிறது.

நாளை விமானம் பத்து மணிக்கு. அதற்கு முன் முதல் பஸ்ஸில் மடத்துக்குப் போய், ஆணியில் இருக்கும் தாளை யாரும் பார்க்காமல் எடுத்துவிட்டுச் சரியான பிரதியை மாட்ட வேண்டும். பிறகு கோ டின்னைக் கூப்பிட்டு, அதை எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொல்ல வேண்டும்.